72 மணித்தியாலமும் ஒரு முற்றுப்பெறாத திகதியும்

சமாதான ஒப்பந்தங்கள் ஏன் முறியுது எண்டு கேட்டால், எங்கட பக்கத்தில உடனே வாற பதில்: "ஏமாத்திப்போட்டாங்கள்." இருக்கலாம். ஆனால் ஒப்பந்தத்தை எடுத்து வாசிச்ச ஆக்கள் குறைவு.

1987 யூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவும் கொழும்பில் கையெழுத்திட்டனர். சண்டை பிடிச்ச புலிகள் அதில் ஒப்பமிடவில்லை. இயக்கங்கள் ஆயுதங்களை ஒப்படைக்கவும் இராணுவம் முகாமுக்குத் திரும்பவும், போர்நிறுத்தம் தொடங்கியதிலிருந்து 72 மணித்தியாலம். வடக்கு–கிழக்கு இணைப்பு நிலைக்குமா எண்ட கிழக்கின் வாக்கெடுப்புக்கோ 1988 டிசம்பர் 31; அதையும் ஜனாதிபதி தன் விருப்பப்படி பிற்போடலாம். அந்த வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. 2006இல் உயர் நீதிமன்றம் இணைப்பே செல்லாது எண்டது.

இன்னொரு ஓட்டையை வல்வெட்டித்துறைக்காரர் நல்லா அறிவினம். ஒக்ரோபர் 3இல் குமரப்பா, புலேந்திரன் உட்பட 17 புலிகள் கடலில் பிடிபட்டு, பலாலியில் வைக்கப்பட்டனர். பொதுமன்னிப்பு எங்களுக்கும்தான் எண்டினம் புலிகள். இல்லை, கொழும்புக்குக் கொண்டுபோய் விசாரிப்பம் எண்டது அரசு. ஒரே வாக்குறுதிக்கு ரெண்டு அர்த்தம். எது சரி எண்டு சொல்ல, ரெண்டு பக்கமும் ஏற்றுக்கொண்ட ஒரு நடுவர் இல்லை. உத்தரவாதம் தந்த இந்தியாவின்ர படை பலாலியிலேயே நிண்டது, அதுவும் உதவேல்லை. 5ஆம் திகதி சயனைட் கடித்ததில் 12 பேர் இறந்தனர். தீருவிலில் தகனம்.

அதோட கிழக்கில் சிங்களப் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். அதை விட்டுப்போட்டு தீருவிலை மட்டும் கதைக்கிறது நேர்மையில்லை. 10ஆம் திகதி இந்தியப் படையோடு போர். 1989 ஓகஸ்டில் அதே படை வல்வெட்டித்துறையில் 50க்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றது. சமாதானம் காக்க வந்த படை!

வட அயர்லாந்தில் 1998 ஒப்பந்தத்தை மக்கள் வாக்கெடுப்பில் ஏற்றார்கள். ஐ.ஆர்.ஏ. ஆயுதங்களைக் கைவிட்டு முடிக்க 2005 ஆச்சு. அதைப் பார்க்க ஒரு சுயாதீன ஆணைக்குழு இருந்தது. ஏழு வருஷம் பொறுத்தவை. இங்க 2002இல் நோர்வே தலைமையில் கண்காணிப்பாளர்கள் வந்தவை, மீறல்களை எண்ணி அறிக்கை எழுதினவை. நிறுத்துற அதிகாரம் அவையிட்ட இல்லை.

1987 ஒப்பந்தத்தில் மிஞ்சினது மாகாண சபை. வடக்குக்கெண்டு தனியா முதல் தேர்தல் 2013இல்தான் நடந்தது. அந்தச் சபையின்ர காலம் 2018 ஒக்ரோபரில் முடிய, நிர்வாகம் ஜனாதிபதி நியமிக்கிற ஆளுநரின்ர கையில போனது.