சூப்பர்மேனோட அப்பா நல்லவரா, கெட்டவரா?

சூப்பர்மேனை உங்களுக்குத் தெரியும். அவரோட அப்பா ஜோர்-எல்லைத் தெரியுமா ஃப்ரெண்ட்ஸ்? கிரிப்டான் கிரகம் வெடிக்கப் போகுதுன்னு கண்டுபிடிச்சு, கைக்குழந்தையை ராக்கெட்ல ஏத்தி பூமிக்கு அனுப்பின விஞ்ஞானி.

1938-ல் வந்த முதல் காமிக்ஸில் பாவம், மனுஷனுக்குப் பேர்கூட கிடையாது! 1978 படத்தில் மார்லன் பிராண்டோ நடிச்சதும்தான் செம கெத்து. வெள்ளை முடி, கம்பீரக் குரல். செத்த பிறகும் பதிவு செஞ்ச உருவமா வந்து மகனுக்குப் பாடம் எடுப்பார்.

'ஸ்மால்வில்' டி.வி. தொடரில் (2001-2011) அப்பா பெரும்பாலும் குரல்தான். அதுவும் உத்தரவு போடுற கறார் குரல். பேசினவர் யாரு தெரியுமா? பழைய படங்களில் வில்லன் ஜாட் ஆக வந்த டெரன்ஸ் ஸ்டாம்ப்!

2013-ல் ரஸ்ஸல் குரோ. யார் என்ன வேலை செய்யணும்னு பிறக்கும் முன்பே முடிவு பண்ற கிரகத்துல, 'என் மகன் தன் வழியைத் தானே தேர்ந்தெடுக்கட்டும்'னு நின்ன அப்பா. 2025-ல் அப்படியே உல்டா. பிராட்லி கூப்பர் விட்டுட்டுப் போன செய்தி, 'பூமியை நீ ஆளு'! மகன் ஆடிப்போயிடறார். 'நீ யாருங்கறதை உன் முடிவுகள்தான் சொல்லும்'னு தேத்தினது, வளர்த்த அப்பா.

கவனிச்சீங்களா? இந்தப் படங்கள்ல எந்த ஜோர்-எல்லா இருந்தாலும் அவர் வெச்சுட்டுப் போன பதிவுதான் மிச்சம். 'ஏன்ப்பா இப்படி?'ன்னு கிரிப்டானுக்குப் போய் சண்டை போட முடியாது. கோர்ஸ், வேலை, கல்யாணம்னு உங்க அப்பாவுக்கும் ஒரு கனவு இருக்கும். அவர் பக்கத்து ரூம்ல இருந்தா, போய்ப் பேசிடுங்க பாஸ்!