வீல்செயார் கொடுத்தோம், காற்று அடித்தோமா?



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். சிலருக்குக் கோபம் வரலாம். இதில் நாங்கள் முதலில் ஏசுவது எங்களைத்தான்.

எங்களிடம் படிக்கும் ஒரு பிள்ளை இந்த முறை உயர்தரம் எழுதப்போகிறான். தசை நோயால் நடக்க ஏலாது, கையிலும் பலம் குறைவு. போன வருடம் அவனுக்கு மோட்டார் வீல்செயார் ஒன்று கிடைத்தது. மண்டபம், மேடை, பேச்சு, படம் எல்லாம் நடந்தது. ஆசிரியர்களாகிய நாங்களும் முன்வரிசையில் இருந்து கைதட்டினோம். அந்தப் படத்தை எங்கள் பக்கங்களிலும் போட்டோம்.

அதே பிள்ளை 19 நாட்களாகப் பாடசாலைக்கு வரவில்லை. காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம். காய்ச்சல் இல்லை. பின்பக்க இடது டயரில் ஒரு நெருஞ்சி முள். காற்றுப் போய்விட்டது.

ஒரு முள், 19 நாள் பாடம்.

அவனுடைய வாப்பா அலையாத இடமில்லை. சைக்கிள் கடையில் "இது எங்களால ஏலா" என்றார்கள். மோட்டார் சைக்கிள் கராஜில் "கொழும்புக்கு அனுப்புங்க" என்றார்கள். கொடுத்தவர்களிடம் கேட்டதற்கு, "நாங்க தந்துட்டம், இனி உங்கட பொறுப்பு" என்று பதில். அவன் எங்களிடம் சொன்னது இதுதான்: "சேர், எல்லாரும் வந்து துஆ செய்றாங்க. ஒரு டியூப் தேடித் தர ஒருத்தரும் இல்ல."

வெட்கமாக இருந்தது. நம்முடைய மோட்டார் சைக்கிளில் காற்றுப் போனால் ஒரு மணி நேரம் பொறுப்போமா? அது நமக்கு வாகனம். வீல்செயார் அவனுக்குக் கால். கால் முடங்கிக் கிடக்கும்போது "இலவசமாகக் கிடைத்ததுதானே" என்று பேச நமக்கு என்ன உரிமை?

கடைசியில் நடந்ததைக் கேளுங்கள். டயரின் பக்கத்தில் 3.00-4 என்று அளவு அச்சடித்திருந்தது. சாமான் இழுக்கிற சில தள்ளுவண்டிகளுக்கும் இதே அளவுதான். இரும்புக் கடையில் டியூப் கிடைத்தது. ஓட்டோ திருத்தும் ஒரு தம்பி முக்கால் மணித்தியாலத்தில் மாட்டிவிட்டார். கொழும்பும் தேவைப்படவில்லை, வெளிநாடும் தேவைப்படவில்லை. அளவை வாசித்துப் பார்க்க ஒருவர்தான் தேவைப்பட்டார்.

ஆகவே கடைக்காரச் சகோதரர்களே, "ஏலா" என்று சொல்லுமுன் குனிந்து அந்த இலக்கத்தைப் பாருங்கள். வேலை பஞ்சர் ஒட்டுவது போன்றதுதான், ஆனால் கவனம் வேண்டும். ஆளை இறக்கி, சுவிட்சை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். வண்டி பாரமானது, சட்டத்துக்குக் கீழே கட்டை வைத்துத் தூக்குங்கள். பல சில்லுகளில் ரிம் இரண்டு துண்டாகப் பூட்டப்பட்டிருக்கும். காற்றை முழுவதும் இறக்காமல் அந்தப் போல்ட்டைக் கழற்றினால் ரிம் வெடித்துப் பிரிந்து கை முகம் போய்விடும். புது டியூப் போடுமுன் டயரின் உள்பக்கத்தைக் கவனமாகத் தடவிப் பாருங்கள். முள் உள்ளே இருந்தால் நாளைக்கும் அதே பஞ்சர்தான்.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. கிழமைக்கு ஒரு முறை காற்றுப் பாருங்கள். எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது டயரிலேயே எழுதியிருக்கும். இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். காற்றுக் குறைந்தால் மோட்டார் சிரமப்படும், பற்றரி சீக்கிரம் இறங்கும், ரிம் நசித்து டியூப் கிழியும். பெற்றோல் செட்டில் அடிப்பதானால் கவனம், சின்ன டயர் நொடியில் அளவு மீறிவிடும். கையால் அல்லது காலால் அடிக்கும் பம்ப் நல்லது.

"காற்றில்லாத கட்டி டயர் போட்டால் தொல்லை முடிந்ததே" என்று சிலர் சொல்வார்கள். பஞ்சர் ஆகாது, உண்மை. ஆனால் நம் ஊர் ஒழுங்கைகளின் குலுக்கல் முழுவதும் முதுகுக்கு ஏறும். நாள் முழுவதும் அதில் இருப்பவர் நாமல்ல. எந்த டயர் என்பதை அதில் இருப்பவரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

இனி, கொடுப்பவர்களுக்கு. உலக சுகாதார ஸ்தாபனம் 2008 இல், கையால் தள்ளும் வீல்செயார்களுக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதில் எட்டுப் படிகள். எட்டாவது படி, தொடர்ந்து போய்ப் பார்ப்பதும் பராமரிப்பும் திருத்தமும். கையால் தள்ளுவதற்கே அப்படியென்றால், மோட்டாரும் பற்றரியும் உள்ளதற்கு எவ்வளவு வேண்டும்? நாமோ கொடுத்துப் படம் எடுத்ததோடு வீட்டுக்குப் போய்விடுகிறோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை நம் நாடு 2016 இல் ஏற்றது. நடமாட்டம் அதில் உரிமையாக இருக்கிறது. நம் ஊரில் அது இன்னும் தர்மமாகத்தான் இருக்கிறது.

அல்மாஊன் சூராவை நம் பிள்ளைகள் மனப்பாடமாக ஓதுவார்கள். அன்றாடம் பயன்படும் சிறு பொருளைக்கூடக் கொடுக்க மறுப்பவர்களைக் கண்டித்துத்தான் அது முடிகிறது. ஒரு பம்பும் ஒரு டியூபும் அதைவிடப் பெரிய பொருளா?

நாம் கேட்பது மூன்றே மூன்று.

ஒன்று, ஒவ்வொரு பள்ளிவாசலிலும் அல்லது விளையாட்டுக் கழகத்திலும் ஒரு பம்ப், காற்று அளக்கும் கருவி, பஞ்சர் ஒட்டும் சாமான், ஊரில் உள்ள வீல்செயார்களின் அளவுக்கு இரண்டு டியூப்.

இரண்டு, வீல்செயார் கொடுக்கும்போதே உதிரி டியூபுக்கும் திருத்தத்துக்கும் ஒரு தொகையை ஒதுக்குங்கள். மூன்று மாதம் கழித்து கமரா இல்லாமல் ஒரு முறை போய்ப் பாருங்கள்.

மூன்று, திருத்தத் தெரிந்த கடைக்காரர் ஒருவரின் பெயரும் இலக்கமும் அந்த வீட்டுச் சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

எங்கள் பங்குக்கு, பாடசாலையில் ஒரு பம்ப் வாங்கி வைத்துவிட்டோம். சாய்தளம் கட்டியபோதே வாங்கியிருக்க வேண்டும். அந்தத் தவறு எங்களுடையது.

இந்தப் பதிவைப் பகிர முன், உங்கள் ஒழுங்கையில் வீல்செயார் உள்ள வீட்டுக்கு இன்று அஸருக்குப் பிறகு ஒரு தடவை போய் டயரைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். பகிர்வது பிறகு.

வஸ்ஸலாம்.