பூச்சிக்கு வரப்பு தெரியுமா?

போன பருத்தி சீசன்ல வகுப்போட நராப்ரை போயிருந்தோம். சிட்னியிலேர்ந்து பஸ்ல ஆறு மணி நேரத்துக்கு மேல. கண்ணுக்கு எட்டின தூரம் பருத்தி. பெரம்பலூர்க்காரனுக்கு வேறென்ன வேணும் :-)

அங்க ஒரு பொறியைத் திறந்து காட்டினாங்க. மேல மூடி, நடுவுல புனல், கீழ டப்பா. பெண் அந்துப்பூச்சியோட வாசனைக்கு மயங்கி ஆண் பூச்சி உள்ள விழும். நம்ம ஊர் இனக்கவர்ச்சிப் பொறியேதான். ஒரே வித்தியாசம், டப்பாவுக்குள்ள ஒரு சின்ன பிளாஸ்டிக் பட்டை. அதுலேர்ந்து பூச்சிமருந்து கொஞ்சங்கொஞ்சமா ஆவியா வரும். விழுந்தது தப்பிக்காது. மருந்து பயிர் மேல படாது, ஆள் மேலயும் படாது.

எனக்கு அப்பா ஞாபகம் வந்துடுச்சு. முதுகுல ஸ்பிரேயர், மூக்குல துண்டு. நான் பத்தாவது படிக்கும்போது மருந்தடிச்சுட்டு வந்தவர் வாந்தியெடுத்து மயங்கி விழுந்தார். பிழைச்சது அதிர்ஷ்டம். 2017ல மகாராஷ்டிரா யவத்மால்ல பருத்திக்கு மருந்தடிச்ச இருபது பேருக்கு மேல செத்தாங்க. விஷத்தைச் சுமந்துக்கிட்டு மனுஷன் பூச்சியைத் தேடிப் போகணுமா? பூச்சி விஷத்தைத் தேடி வரட்டுமே!

"பொறியெல்லாம் எண்ணிப் பாக்கத்தான், கட்டுப்படுத்தாது"ன்னு சொல்றவங்க உண்டு. பாதி உண்மை. இதுல ஆண் மட்டும்தான் மாட்டும். மிச்சமிருக்கிற ஒரு ஆணே பல பெண்ணோட சேரும். அதனாலதான் ஆர்மிடேல்ல இருக்கிற நியூ இங்கிலாந்து பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் செடி, பூ வாசனையைக் கலந்து பெண் பூச்சியையும் இழுக்கிற 'மேக்னெட்'டை உருவாக்கினாங்க. அதுல கொஞ்சம் மருந்து கலந்து, வயல் முழுக்க அடிக்காம, அங்கங்க ஒரு வரிசையில மட்டும் விடுவாங்க.

ஊருக்கு போன் பண்ணி அப்பாகிட்ட உற்சாகமா சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "நான் மட்டும் மாட்டி என்னப்பா ஆகப்போவுது? பக்கத்துக் காட்டுப் பூச்சிக்கு வரப்பு தெரியுமா?"ன்னார்.

பதில் சொல்ல முடியல. இங்க ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு ஒரு முதலாளி, ஒரு முடிவு. நம்ம ஊர்ல ரெண்டு ஏக்கருக்கு ஒரு முடிவு.

ஆனா ஒண்ணு. அமெரிக்காவுல பருத்திக் கூன்வண்டை ஒழிக்க 1978ல ஆரம்பிச்சாங்க. அங்கயும் இதே மாதிரி மருந்துப்பட்டை வச்ச பொறிதான் காவல்காரன். எந்த வயல்ல வண்டு மாட்டுதோ அங்க மட்டும் மருந்து. விவசாயிங்களே ஓட்டுப் போட்டு, ஏக்கர் கணக்குல பணம் போட்டாங்க. இன்னிக்கு டெக்சாஸ் தென்கோடி தவிர கிட்டத்தட்ட எங்கயும் அந்த வண்டு இல்ல.

அந்தப் பட்டையில இருந்த டைகுளோர்வாஸுக்கு இந்தியாவுல 2020 கடைசியோட தடை. அதையே கொண்டு வாங்கன்னு நான் சொல்லல. வேற மருந்து பார்த்துக்கலாம். ஊரே ஒரே நாள்ல பொறி கட்டுற பழக்கம்தான் முதல்ல வேணும். கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவுன்னு வரி போடுறோமே, அது மாதிரி பொறிக்கும் ஒரு வரி போட்டா என்ன?

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது இதைத்தான் கேக்கப்போறேன். நீங்க என்ன சொல்றீங்க?