நீ எந்திரிச்சாத்தான் அது உக்காரும்

பரமக்குடி வாசகர் ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். வயது 26, அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர், இன்னும் கல்யாணமாகவில்லை (இதை எனக்கு எதற்குச் சொன்னார் என்று தெரியவில்லை). ஞாயிற்றுக்கிழமைகளில் வண்ணத்துப்பூச்சி, பறவை, பூ என்று படமெடுத்துத் திரிய ஆசையாம். கையில் கொஞ்சம் போனஸ் பணம் இருக்கிறது. 'என்ன கேமரா வாங்கலாம் சார்?' என்று கேட்கிறார்.

சொல்கிறேன். அதற்கு முன்னால் சாயல்குடி வரை ஒரு நடை போய்விட்டு வந்துவிடலாம்.

1998-ல் என்னைச் சாயல்குடிக்கு மாற்றினார்கள். 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்' என்று சினிமாவில் மந்திரி மிரட்டுவாரே, அந்தக் காடு ராமநாதபுரம் ஜில்லாதான் என்பது உத்தியோகஸ்தர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆபீஸில் பிரிவு உபசார டீ கொடுத்தார்கள். ஒருவர் துக்கம் விசாரிக்கிற மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார். வந்து பார்த்தால் பனை, பனை, அப்புறம் சீமைக்கருவேலம், மறுபடி பனை. காற்றில் கருப்பட்டி வாசனை. மெயின் ரோட்டில் தூத்துக்குடி போகிற லாரிகள். அவ்வளவுதான் ஊர் என்று நினைத்தேன்.

அதே 1998-ல்தான் சாயல்குடிக்குப் பக்கத்தில் மேல்செல்வனூர் - கீழ்செல்வனூர் கண்மாயைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். சுமார் 593 ஹெக்டேர். தண்ணியில்லாக் காட்டில் தண்ணீர்ப் பறவைகளுக்குச் சரணாலயம்! சர்க்காரில் யாரோ தமாஷ் பேர்வழி இருக்கிறார் என்று சிரித்தேன். விஷயம் அப்படியில்லை. ஆற்றை நம்பிப் பிழைக்க முடியாத சீமை என்பதால்தான் முன்னோர்கள் கண்மாய்க்குப் பக்கத்தில் கண்மாயாக வெட்டி வைத்தார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அவை நிறையும். உள்ளே இருக்கிற கருவேல மரங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் தனித்தனித் தீவுகளாக நிற்கும். நாய், நரி, என்னைப் போன்ற ஆசாமிகள் யாரும் சுலபத்தில் கிட்டே போக முடியாது. மாடியில் வீடு, கீழே மீன் மார்க்கெட். இந்த வசதி மெட்ராஸில் எத்தனை பேருக்கு உண்டு? கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, அரிவாள் மூக்கன் எல்லாம் குடும்பத்தோடு வந்து இறங்கிவிடும். மழை பொய்த்த வருஷம் வராது. கோபித்துக்கொண்டு அல்ல, குஞ்சுக்குச் சோறு கிடைக்காதே என்றுதான்.

என் மச்சினன் துபாயிலிருந்து கொண்டுவந்த பென்டாக்ஸ் கே1000 கேமராவும் ஒரு 200 எம்.எம். லென்ஸும் என் வீட்டில் 'பத்திரமாக' இருந்தன. அவனுக்குப் பத்திரம், எனக்குப் பொழுதுபோக்கு. ஒரு ரோலில் 36 படம். அதை ராமநாதபுரம் ஸ்டுடியோவில் கொடுத்து, ஒரு வாரம் கழித்துப் போய் வாங்கினால், முதல் ரோலில் 36 வெறும் வானம். பனை உழவாரன் குருவியைப் பிடிக்கப் பார்த்ததன் பலன். அது பனை ஓலையின் அடிப்பக்கத்தில் எச்சிலால் ஒட்டிக் கூடு கட்டும் பறவை, பகல் முழுக்க ஆகாயத்திலேயே குடியிருக்கிற பறவை. தொடங்குகிறவன் எடுக்கிற பறவையா அது? ஸ்டுடியோக்காரர் மரியாதையாக, "வானம் நல்லா வந்திருக்கு சார்" என்றார்.

இரண்டாவது ரோலில் வெள்ளைக் கொக்குகள். எல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்து, ஓர் இறகுகூடத் தனியாகத் தெரியவில்லை. பரமக்குடிக்காரர் இதைக் குறித்துக்கொள்ளலாம். கருத்த பின்னணியில் வெள்ளைப் பறவை நின்றால், கேமராவுக்குள் இருக்கிற மீட்டர் இருட்டைப் பார்த்து ஏமாந்து அதிக வெளிச்சத்தை உள்ளே விட்டுவிடும். ஒரு ஸ்டாப் குறைத்து வையுங்கள். பறக்கிற பறவைக்கு ஆயிரத்தில் ஒரு செகண்டாவது வேண்டும். கண் துல்லியமாக இருந்தால் மற்றது கொஞ்சம் மங்கினாலும் மன்னிப்பு உண்டு. வாலைத் துல்லியமாக எடுத்துவிட்டுக் கண்ணை மங்கலாக விட்டால் கிடையாது. இதெல்லாம் ஏழு ரோல் செலவில் நான் கற்றது.

மூன்றாவது ரோலில்தான் விடிவு. புண்ணியம் எருக்கஞ்செடிக்கு. சாயல்குடியில் எருக்குக்குப் பஞ்சமே இல்லை. அதில் வெந்தய வரியன் என்று ஆரஞ்சு நிறத்தில், கறுப்பு ஓரம் வைத்த வண்ணத்துப்பூச்சி வரும். பெரிய ஆபீஸர் வராந்தாவில் நடக்கிற மாதிரி நிதானமாகப் பறக்கும், எவனுக்கும் பயப்படாது. காரணம், புழுவாக இருக்கும்போது எருக்கிலையைத் தின்று அதன் நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்திருக்கிறது. ஒரு தடவை வாயில் போட்ட பறவை மறுதடவை கிட்டே வராது. இதில் வேடிக்கை என்னவென்றால், வேறொரு வகைப் பூச்சியின் பெண், விஷம் துளிகூட இல்லாமல், அச்சு அசல் இதே சட்டையை மாட்டிக்கொண்டு திரிகிறது. அடுத்தவர் ஐடி கார்டில் கேன்டீனில் சாப்பிடுகிற கேஸ். எது அசல், எது டூப் என்று நான் கண்டுபிடிக்க நாலு மாதம் ஆயிற்று.

வாலிநோக்கம் கடற்கரையில் அடும்பங்கொடியின் ஊதாப் பூவை எடுக்க, மணலில் குப்புறப் படுத்திருந்தேன். காலையில் விரிந்து, வெயில் ஏற ஏற வாடிவிடுகிற பூ. அவசரம் அதற்குத்தான். பூவின் மட்டத்துக்குக் கேமராவை இறக்கினால்தான் படம் படமாக இருக்கும். பின்னால் கசமுசாவென்று சத்தம். திரும்பிப் பார்த்தால் பத்துப் பேர். ஒருவர் கையில் சோடா. "மயக்கமா சார்?" என்றார். படம் எடுக்கிறேன் என்றேன். சோடாவைத் தானே குடித்துவிட்டு, "எந்தத் திட்டத்துக்கு சார் அளக்குறீக? பட்டா நிலம் போகுமா?" என்று கேட்டார். பூவுக்காக என்று சொன்னதை ஒருவர்கூட நம்பவில்லை.

இனி சொல்லப்போவது கொஞ்சம் சங்கடமான விஷயம்.

1999, ஏப்ரல். கண்மாய் வற்றி, நாரைகள் போய்விட்டன. கரையோரத்துப் பொட்டலில் ஒரு ஆள்காட்டிக் குருவி என் தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றியது. பெயரே ஆள்காட்டி. யாராவது வந்தால் ஊருக்குக் காட்டிக்கொடுக்கும். அன்று அது காட்டிக்கொடுத்த ஆள் நான்தான். பக்கத்தில் முட்டை இருக்க வேண்டும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அரை மணி தேடி, மிதிக்கப்போன காலைச் சட்டென்று தூக்கிக்கொண்டேன். கூடு என்று ஒன்றும் இல்லை. மண்ணில் சின்னப் பள்ளம், சுற்றிலும் கொஞ்சம் சரளை, நடுவில் சரளை மாதிரியே புள்ளி போட்ட நாலு முட்டை.

எனக்குக் கை நடுங்கியது. சந்தோஷத்தில்தான். பறவை வந்து முட்டைமேல் உட்காருகிற ஒரு படம், ஒரே ஒரு படம் கிடைத்தால் போதும். பத்தடி தள்ளி ஒரு கருவேலம் புதர் ஓரமாக உட்கார்ந்தேன். பதினொரு மணி வெயில். தாயும் தகப்பனும் மாறி மாறிக் கத்தின. தரையில் இறங்கும், நாலு எட்டு ஓடும், என்னைப் பார்த்ததும் மறுபடி எழும்பும். நானும் விடவில்லை. 'இப்ப வந்துடும், இப்ப வந்துடும்' என்று முக்கால் மணி நேரம். மேட்டில் இரண்டு காக்கை வந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

ஆடு மேய்க்கிற ஒரு கிழவி அந்தப் பக்கம் வந்தாள்.

"ஏப்பா, அங்கன என்ன செய்யிற?"

"ஆள்காட்டியப் படம் புடிக்கிறேன் ஆத்தா. வந்து உக்காரட்டும்னு காத்திருக்கேன்."

அவள் பறவையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீ எந்திரிச்சாத்தானப்பா அது உக்காரும்."

சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் எழுந்தேன். முட்டைகளை மேலிருந்து ஒரு படம் எடுத்துக்கொண்டுதான் எழுந்தேன், பொய் சொல்வானேன். நூறடி தள்ளி வந்து திரும்பிப் பார்த்தேன். அது நேராக முட்டைக்குப் போகவில்லை. கண்மாயில் மிச்சமிருந்த குட்டைக்குப் போய் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரத்தோடு முட்டைமேல் உட்கார்ந்தது. கோடையில் அடைகாப்பது என்றால் சூடு கொடுப்பது மட்டுமல்ல, வெயிலிலிருந்து காப்பதும்தான் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. முக்கால் மணி நேரம் அந்த முட்டைகள் வெறும் வெயிலில் கிடந்திருக்கின்றன. நான் காத்திருந்தேன் என்று நினைத்தேன். காக்கவைத்திருக்கிறேன்.

மறுநாள் கேமரா இல்லாமல், தூர இருந்தபடியே பைனாகுலரில் பார்த்தேன். பறவை எழுந்த நேரம் எண்ணினேன். மூன்று முட்டை. காக்கையா, கீரியா, என் காலடித் தடத்தை மோப்பம் பிடித்து வந்த நாயா, தெரியாது. நான் வராவிட்டாலும் போயிருக்குமோ என்னவோ. இரண்டு வாரம் கழித்துப் பள்ளம் காலி. ஆள்காட்டிக் குஞ்சுகள் பொரித்த சில மணி நேரத்திலேயே எழுந்து ஓடிவிடும். ஆகவே காலிப் பள்ளம் நல்ல சேதியும் ஆகலாம், கெட்ட சேதியும் ஆகலாம். அந்த மாசம் முழுக்கப் பொட்டலில் ஆள்காட்டி கத்துகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு அலைந்தேன்.

பிற்பாடு ஒரு வக்கீல் நண்பர் 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைப் புரட்டிக் காட்டினார். 'வேட்டை' என்பதற்கு அதில் கொடுத்திருக்கிற விளக்கத்தில், பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் சேர்த்தி. துப்பாக்கி வைத்துக்கொண்டுதான் வேட்டை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கூட்டில் இருக்கும் பறவைப் படங்களை இன்று பல போட்டிகளில் எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிடுகிறார்கள். 1999-ல் இதை யாராவது சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

பொறுமைக்கு மா. கிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். கறுப்பு-வெள்ளையில்தான் படமெடுப்பார். அங்கே ஒரு பாகம், இங்கே ஒரு பாகம் என்று பொறுக்கித் தானே சேர்த்துக் கட்டிய கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்திருந்தார். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950-ல் ஆரம்பித்த இயற்கைப் பத்தியை, 1996 பிப்ரவரியில் இறக்கும்வரை எழுதினார். 46 வருஷம். யானையைப் பற்றி எழுதிய அதே அக்கறையோடு காக்கையைப் பற்றியும் எழுதியவர். பரமக்குடிக்காரர் கேமராவுக்கு முன் கிருஷ்ணனின் புத்தகம் ஒன்றை வாங்கலாம், போனஸில் பாக்கியும் இருக்கும்.

இந்தப் பக்கத்துக் கண்மாய்களுக்கு இப்போது உலகப் பெருமை. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் இரண்டும் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. 2025-ல் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல். சதுப்பு நிலங்களைக் காக்க 1971-ல் உலக நாடுகள் ஒப்பந்தம் போட்ட ஈரான் நாட்டு ஊர் ராம்சர். முதுகுளத்தூர் டீக்கடையில் இதை நான் விளக்கி முடித்ததும், கடைக்காரர் பாய்லரைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அந்த ராம் சார் எப்ப சார் நேர்ல வருவாரு? ரோடு விஷயமா ஒரு மனு கொடுக்கணும்."

அந்த ஏப்ரல் படம் இன்னும் என் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள், "என்ன சார் இது, சரளைக்கல்லைப் போய் பிரேம் போட்டிருக்கீங்க?" என்பார்கள். நாலு முட்டை இருக்கிறது, கண்டுபிடியுங்கள் என்பேன். இதுவரை மூன்றுக்கு மேல் யாரும் கண்டுபிடித்ததில்லை. என் மனைவி மட்டும், "அந்தப் படத்தைக் கழட்டுங்களேன்" என்று வருஷத்துக்கு ஒரு தடவை சொல்கிறாள். கழற்றவில்லை.

கேமரா கேட்டீர்களே. 2018-ல் நிக்கான் பி1000 என்று ஒன்று வந்தது, 125 மடங்கு ஜூம். தூரத்தில் நின்றபடியே நாரையின் கண்ணை எண்ணலாம் (இரண்டுதான் இருக்கும்). எதை வாங்கினாலும் ஜூம் நீளமாக இருக்கட்டும், பறவைக்கும் உங்களுக்கும் நடுவில் நாலு வயல் இருக்கட்டும். காசு போதவில்லையென்றால் எருக்கஞ்செடி எல்லா ஊரிலும் இருக்கிறது, அதற்குச் செல்போனே தாராளம்.

இல்லாவிட்டால் என் வழி. மச்சினனின் கேமரா. அதற்கு முதலில் கல்யாணம் ஆக வேண்டும். ஆகவில்லை என்று ஏன் எழுதினீர்கள் என்பது இப்போதுதான் புரிகிறது.