ஒப்பந்த முறையில் தயாராகும் மருந்துகளுக்குப் பொறுப்பாளி யார் என்பதை உறுதிசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
வட்டார மருந்தாளுநர்கள், மருந்துக் கடை நடத்துவோர் சங்கம்,
காலடிப்பேட்டை, திருவொற்றியூர்,
சென்னை 600 019.

பெறுநர்
மருந்துக் கட்டுப்பாட்டு இயக்குநர் அவர்கள்,
தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம்,
தேனாம்பேட்டை, சென்னை 600 006.

பொருள்: ஒரு நிறுவனத்தின் பெயரில் விற்கப்பட்டு, வேறொரு நிறுவனத்தின் ஆலையில் தயாராகும் மருந்துகளின் தரம், மூலப்பொருள் சோதனை, பொறுப்பு ஆகியவை குறித்து நடவடிக்கை வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

காலடிப்பேட்டையிலும் அதைச் சுற்றியுள்ள திருவொற்றியூர், எண்ணூர், தண்டையார்பேட்டை பகுதிகளிலும் மருந்துக் கடை நடத்துபவர்களும், அக்கடைகளில் பணிபுரியும் மருந்தாளுநர்களும் சேர்ந்து இம்மனுவை அளிக்கிறோம். மீனவர், துறைமுகத் தொழிலாளர், பட்டறை ஊழியர் குடும்பங்களே எங்களிடம் வருகிறார்கள். இரவு ஷிப்ட் முடித்து வரும் தகப்பன், பிள்ளையின் காய்ச்சலுக்கு மருத்துவர் எழுதிய சீட்டை நீட்டி, "நல்ல மருந்துதானே?" என்று கேட்கிறார். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் விற்பனை நிறுவனத்தின் பெயர் பெரிதாகவும், தயாரித்த ஆலையின் பெயர் கண்ணில் படாத சிற்றெழுத்திலும் இருக்கிறது. அந்த ஆலை எங்கே இருக்கிறது, அதைக் கடைசியாக யார் ஆய்வு செய்தார்கள், என்ன கண்டார்கள் என்பது எங்களுக்கும் தெரியாது. தெரியாமலேயே "நல்ல மருந்துதான்" என்று சொல்ல வேண்டியிருப்பதே எங்கள் கவலை.

ஒப்பந்தத் தயாரிப்பையே நிறுத்த வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. கொரோனா காலத்தில் நாம் போட்டுக்கொண்ட கோவிஷீல்டு, ஆக்ஸ்ஃபோர்டும் அஸ்ட்ராஜெனகாவும் உருவாக்கியதை உரிமம் பெற்றுப் புனேயிலுள்ள சீரம் நிறுவனம் தயாரித்தது. ஆலை ஒருவருடையது, உரிமம் இன்னொருவருடையது என்ற 'லோன் லைசென்ஸ்' முறைக்கும், பிறர் பெயரில் விற்கத் தயாரித்துக் கொடுக்கும் 'தேர்டு பார்ட்டி' முறைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. சிறு ஆலைகள் பல இவற்றால்தான் ஓடுகின்றன; மருந்து விலையும் ஓரளவு கட்டுக்குள் நிற்கிறது.

எங்கள் ஊருக்கு இந்த முறை புதிதும் அல்ல. 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய 'காலெட் பேட்டை'யே மருவிக் காலடிப்பேட்டை ஆயிற்று. முன்பணம் கொடுத்து நெய்யச் சொன்ன கிழக்கிந்தியக் கும்பெனி, மாதிரித் துணியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் சரக்கை ஏற்றுக்கொண்டது. இன்றும் எங்கள் தெருப் பட்டறைகள் பெரிய வாகன ஆலைகளுக்கு 'ஜாப் வொர்க்' செய்கின்றன. வேலை கொடுத்தவர் வரைபடம் தருகிறார், கேஜ் வைத்து அளக்கிறார், அளவு தவறினால் திருப்பி அனுப்புகிறார். வண்டியின் போல்ட்டுக்கு உள்ள இந்தக் கண்டிப்பு குழந்தை குடிக்கும் சிரப்புக்கும் வேண்டும் என்பதே எங்கள் வாதம்.

நடந்தவை

1. செங்கல்பட்டு மாவட்டம் திருப்போரூரை அடுத்த ஆலத்தூரில் இயங்கிய குளோபல் பார்மா ஹெல்த்கேர் நிறுவனம் தயாரித்த செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து, எஸ்ரிகேர், டெல்சாம் என்ற வேறு பெயர்களில் அமெரிக்காவில் விற்பனையானது. 2023 பிப்ரவரியில் அது திரும்பப் பெறப்பட்டது. அந்தச் சொட்டு மருந்தோடு தொடர்புபடுத்தப்பட்ட, மருந்துகளுக்குக் கட்டுப்படாத சூடோமோனாஸ் கிருமித் தொற்றால் 18 மாநிலங்களில் 81 பேர் பாதிக்கப்பட்டனர் என்றும், 4 பேர் இறந்தனர், 14 பேர் பார்வை இழந்தனர், 4 பேருக்குக் கண்ணையே அகற்ற நேர்ந்தது என்றும் அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் கணக்கிட்டது. வாங்கியவர்கள் அறிந்தது பெட்டியின் மேலிருந்த பெயரை மட்டுமே.

2. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இயங்கிய ஸ்ரீசன் பார்மா நிறுவனத்தின் 'கோல்ட்ரிஃப்' இருமல் மருந்தைக் குடித்த குழந்தைகள் 20 பேருக்கு மேல் 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். எஸ்.ஆர்.13 என்ற பேட்ச்சில் 48.6 விழுக்காடு டை எதிலீன் கிளைக்கால் என்ற நஞ்சு இருந்ததைத் தமிழக அரசின் ஆய்வகமே கண்டறிந்தது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1 விழுக்காடு. ஆயுத பூஜை, காந்தி ஜெயந்தி விடுமுறைகளிலும் தங்கள் துறையினர் ஆலைக்குச் சென்று மாதிரி எடுத்ததையும், விற்பனையைத் தடுத்ததையும் நன்றியோடு குறிப்பிடுகிறோம். ஆனால் 2011-ல் உரிமம் பெற்ற அந்த ஆலையில் 350-க்கும் மேற்பட்ட குறைபாடுகள் கண்டுபிடிக்கப்பட்டது குழந்தைகள் இறந்த பிறகுதான். கோல்ட்ரிஃப் ஒப்பந்தத் தயாரிப்பு அல்ல. ஆலையின் சொந்தப் பெயரில் விற்ற மருந்து. ஒரே பெயர் உள்ள இடத்திலேயே இந்த நிலை என்றால், இரண்டு பெயர்களுக்கு இடையே பொறுப்பு எப்படி நழுவும் என்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

3. 1970-களின் தொடக்கத்தில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் 14 குழந்தைகளின் உயிரைக் குடித்ததும் இதே டை எதிலீன் கிளைக்கால்தான். அரை நூற்றாண்டு கழித்தும் இதே நஞ்சைப் பற்றி மனு எழுத வேண்டியிருப்பது எங்களை வருத்துகிறது.

காரணம்

சிரப்பில் மருந்தைக் கரைக்கப் புரோப்பிலீன் கிளைக்கால் சேர்க்கிறார்கள். எங்கள் பக்கத்து மணலியிலேயே அதைத் தயாரிக்கும் ஆலை உண்டு. மருந்துத் தரத்தில் வருவதும் தொழிற்சாலைத் தரத்தில் வருவதும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பிரேக் ஆயில் போன்றவற்றில் சேரும் டை எதிலீன் கிளைக்காலும் அதே நிறமற்ற, இனிக்கும் திரவம். ஒரு டிரம் இரண்டு மூன்று வணிகர்களின் கை மாறி ஆலைக்கு வருவதற்குள் முத்திரையும் சான்றிதழும் மாறிவிட வழி இருக்கிறது. டிரம்முக்கு டிரம் சோதிப்பது ஒன்றே காப்பு. ஆர்டர் கொடுப்பவர் விலையை அழுத்த அழுத்த, ஆலை முதலில் கை வைப்பது வெளியே தெரியாத அந்தச் சோதனைச் செலவில்தான்.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 2020-ல் திருத்தப்பட்டு 2021 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, மருந்தைத் தன் பெயரில் விற்பவரும் அதன் தரத்துக்குப் பொறுப்பாளியே. 2023 டிசம்பரில் வெளியான, ஆலைகளுக்கான தர நெறிகளைக் கூறும் திருத்திய அட்டவணை எம், ஒப்பந்தத் தயாரிப்புக்குத் தனி நெறிகளை வகுத்திருக்கிறது. அதைப் பின்பற்றச் சிறு, நடுத்தர ஆலைகளுக்கு நீட்டிக்கப்பட்ட அவகாசமும் 2025 டிசம்பர் 31 வரைதான். இவற்றை ஆலையின் வாசல் வரை கொண்டு சேர்க்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

கோரிக்கைகள்

1. தமிழ்நாட்டில் பிறருக்காக மருந்து தயாரிக்கும் ஒவ்வோர் ஆலையின் பெயர், எந்தெந்த நிறுவனங்களுக்குத் தயாரிக்கிறது, கடைசியாக ஆய்வு நடந்த நாள், அதன் முடிவு ஆகியவற்றைத் தமிழில் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிட வேண்டும்.

2. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் ஆய்வு என்பது விதி. குழந்தைகளுக்கான சிரப், கண் சொட்டு மருந்து, ஊசி மருந்து ஆகியவற்றை ஒப்பந்த முறையில் தயாரிக்கும் ஆலைகளில் ஆண்டுக்கு ஒருமுறையாவது முன்னறிவிப்பின்றி ஆய்வு நடத்த வேண்டும். அதற்குத் தேவையான மருந்து ஆய்வாளர் பணியிடங்களைக் காலியின்றி நிரப்ப அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

3. புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், சார்பிட்டால் ஆகியவற்றின் ஒவ்வொரு டிரம்மும் ஆலைக்குள் நுழையும்போதே டை எதிலீன் கிளைக்காலுக்காகச் சோதிக்கப்பட்டதா என்று பதிவேடுகளைப் பார்க்க வேண்டும். இவற்றை மருந்து ஆலைகளுக்கு விற்கும் சென்னை வேதிப்பொருள் வணிகர்களின் கொள்முதல், விற்பனைக் கணக்குகளையும் கண்காணிக்க வேண்டும்.

4. ஒப்பந்தம் கொடுக்கும் நிறுவனம் தயாரிப்பு ஆலையை நேரில் தணிக்கை செய்த அறிக்கையைத் தங்கள் அலுவலகத்தில் சமர்ப்பிக்கச் செய்ய வேண்டும். தரம் தவறினால் தயாரித்தவர், விற்றவர் இருவர் மீதும் வழக்குத் தொடர வேண்டும்.

5. தயாரித்த ஆலையின் பெயரும் ஊரும் விற்பனை நிறுவனத்தின் பெயருக்கு இணையான எழுத்தளவில் அச்சாகவும், 300 பிராண்டுகளுக்குக் கட்டாயமாக்கப்பட்ட கியூஆர் குறியீட்டைக் குழந்தைகள் மருந்து அனைத்துக்கும் விரிவாக்கவும் மத்திய அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

6. ஒரு பேட்ச் தடை செய்யப்பட்டால், சில மணி நேரத்துக்குள் தமிழில் ஒவ்வொரு மருந்துக் கடைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் கைபேசிச் செய்தி வர ஏற்பாடு வேண்டும். திருப்பி அனுப்பும் சரக்குக்குக் கடைக்காரருக்கு இழப்பு இல்லாத வழிமுறையும் வேண்டும்.

7. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், வாங்கும் மருந்துகளை ஆய்வகச் சோதனைக்குப் பிறகே மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. அதே ஒழுங்கின்படி, தனியார் சந்தையில் உள்ள ஒப்பந்தத் தயாரிப்புகளிலிருந்தும் மாதந்தோறும் மாதிரி எடுத்துச் சோதித்து முடிவை வெளியிட வேண்டும்.

8. தரம் குறைந்த பேட்ச்சில் கையெழுத்திட மறுக்கும் ஆலை வேதியியலாளரும், முறைகேட்டைத் தெரிவிக்கும் தொழிலாளியும் வேலை இழக்காதபடி, பெயரை வெளியிடாமல் புகார் அளிக்கத் தனித் தொலைபேசி எண் வேண்டும்.

எங்கள் பங்காக, ரசீது இல்லாத சரக்கை வாங்குவதில்லை என்றும், பேட்ச் எண்ணைக் குறிக்காமல் விற்பதில்லை என்றும், ஐயத்துக்குரிய மருந்தை உடனே தங்கள் ஆய்வாளரிடம் ஒப்படைப்போம் என்றும் உறுதி கூறுகிறோம்.

இக்கோரிக்கைகள் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்குமாறும், எங்கள் பிரதிநிதிகள் தங்களை நேரில் சந்திக்க ஒரு நாள் ஒதுக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறோம். அடுத்த முறை ஒரு தகப்பன் "நல்ல மருந்துதானே?" என்று கேட்கும்போது, எந்த ஆலையில் தயாரானது, எப்போது சோதிக்கப்பட்டது என்று சொல்லி, அறிந்தே "ஆம்" என்று பதிலளிக்க நாங்கள் விரும்புகிறோம்.

இடம்: காலடிப்பேட்டை

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்

நகல்:
1. செயலாளர், மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை, தலைமைச் செயலகம், சென்னை.
2. மேலாண்மை இயக்குநர், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், சென்னை.
3. இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி, மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு, புதுதில்லி.