பெட்டி எங்கள் வீட்டில், திறப்பு யார் கையில்?

இணையச் சேவை நிறுவனங்களிடம் நான் பெரிதாக எதையும் கேட்கவில்லை. நாம் காசும் மின்சாரமும் கொடுத்து விறாந்தையில் வைத்திருக்கும் வைஃபைப் பெட்டிக்குள் ஓர் அட்டவணை இருக்கிறது. அதைப் பார்க்க விடுங்கள் என்பதே என் கோரிக்கை. வழிப்படுத்தல் அட்டவணை என்பது அதன் பெயர்.

வீட்டுப் பெட்டியில் அது பெரும்பாலும் சில வரிகளுக்கு மேல் போகாது. இன்ன முகவரிக்குரிய தரவை இன்ன பக்கத்தால் அனுப்பு என்று ஒவ்வொரு வரியும் சொல்லும். 192.168 என்று தொடங்கும் வரி பொதுவாக வீட்டிலுள்ள கணினிகளையும் கைத்தொலைபேசிகளையும் குறிப்பது. 0.0.0.0 என்று தொடங்கும் வரிதான் முக்கியமானது. வேறு வழி குறிக்கப்படாத தரவு அனைத்தையும் சேவை நிறுவனத்தின் நுழைவாயிலுக்குத் தள்ளிவிடு என்பது அதன் பொருள். வெளியுலகுக்கான எங்கள் படலை அந்த ஒற்றை வரியே.

இணைப்பு அறும்போது இதன் பயன் விளங்கும். அந்த வரி இல்லையென்றால் பெட்டி நிறுவனத்துடன் இணையவேயில்லை என்று கொள்ளலாம். வரி இருந்து, நுழைவாயிலும் மறுமொழி தந்து, அப்பால் எதுவும் திறக்கவில்லையென்றால் பழுதைத் தேட வேண்டிய இடம் எங்கள் வேலிக்கு வெளியே. வட்டுக்கோட்டையில் இணைப்பு அறுந்த ஒரு நாள், தொலைபேசியில் நெடுநேரம் காத்திருந்து நான் பெற்ற அறிவுரை: "நிப்பாட்டிப்போட்டுத் திரும்பப் போட்டுப் பாருங்கோ ஐயா." பழுது யார் பக்கம் என்று கேட்டேன், பதில் இல்லை. நானே பார்க்கிறேன், நிர்வாகக் கடவுச்சொல்லைத் தாருங்கள் என்றேன். "அது குடுக்க ஏலாது."

ஏன் இயலாது? சனங்கள் கைவைத்துக் கெடுத்துவிடுவார்கள் என்பர். பார்ப்பது வேறு, மாற்றுவது வேறு. மின்மானியை வாசிக்க எல்லாருக்கும் உரிமை உண்டு. முத்திரையை உடைக்கத்தான் உரிமையில்லை. பாதுகாப்பு என்பர். 2016 இல் மிராய் என்ற நச்சுநிரல் உலகெங்கும் கமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது, தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொற்கள் மாற்றப்படாமல் கிடந்ததால். உரிமையாளர் அட்டவணையைப் பார்த்ததால் அல்ல. தொழில் இரகசியம் என்பர். லிங்சிஸ் நிறுவனத்தின் பெயர்பெற்ற பெட்டியொன்றுக்குள் இயங்கியது கட்டற்ற மென்பொருளான லினக்ஸ் என்று தெரியவந்தபின், உரிம நிபந்தனைப்படி 2003 இல் அதன் மூலநிரல் வெளியிடப்பட்டது. உலகமே வாசித்த பின் இதில் என்ன இரகசியம்?

பாதையின் அருமையை யாழ்ப்பாணத்தாருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2002 இல் திறந்த ஏ-9 வீதி 2006 ஓகஸ்டில் மூடப்பட்டபோது, அரிசிக்கும் மருந்துக்கும் கப்பலைப் பார்த்திருந்தவர்கள் நாங்கள். 2007 ஜூனில் தமிழ்நெற் தளம் இந்நாட்டில் தடுக்கப்பட்டது. 2018, 2019, 2022 ஆம் ஆண்டுகளில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. இத்தகைய தடைகளை வீட்டுப் பெட்டியின் அட்டவணை காட்டாது என்பது உண்மை. அது முதற்படியை மாத்திரமே காட்டும். ஆனால் முதற்படியையே மறைப்பவர், மற்றப் படிகளைப் பற்றி உண்மை சொல்வார் என்று எதை வைத்து நம்புவது?

வட்டுக்கோட்டையில் 1823 இல் அமெரிக்க மிசனரிமார் செமினரி தொடங்கினர். 1829 இல் சந்திரகிரகணம் பற்றி அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கக் கணிப்புக்கும், செமினரி அதிபர் தானியல் பூவரின் கணிப்புக்கும் வேறுபாடு எழுந்தது. அது எவருடைய அதிகாரத்தாலும் தீர்க்கப்படவில்லை. வானத்தைப் பார்த்தே தீர்க்கப்பட்டது. சொன்னதை நம்பு என்றிராமல் நீயே பார் என்ற பழக்கம் இம்மண்ணில் ஊன்றி இருநூறு ஆண்டுகளாகின்றன.

ஆகவே கேட்கிறேன். வாடிக்கையாளர் மாற்ற முடியாத, ஆனால் பார்க்கக்கூடிய ஒரு பக்கத்தை, தமிழிலும் சிங்களத்திலும் விளக்கத்துடன், ஒவ்வொரு பெட்டியிலும் திறந்து வையுங்கள். வாசகர்களும் அடுத்த முறை பெட்டி பூட்ட வருபவரிடம், கையொப்பம் இடுமுன் இதைக் கேளுங்கள். அந்தப் பொடியனைக் கடிய வேண்டாம்; அவரிடமும் திறப்பு இராது. கேள்வியை எழுத்தில் அவருடைய நிறுவனத்துக்கு அனுப்புங்கள்.