சதுர அடிக்கு என்ன விலை?

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் மதுரை நகரத்துத் தெருக்களில் ஒரு புதுச் சத்தம் கேட்கிறது. வாட்டர் வாஷ் மிஷினின் இரைச்சல் அது. காம்பவுண்டுச் சுவரில் ஏறிய பாசி, மொட்டைமாடியில் படிந்த கறுப்பு, வாசல் கல்லில் ஒட்டிய சிமெண்டு, எல்லாவற்றையும் அந்த மிஷின் பீய்ச்சும் தண்ணீர் உரித்தெடுத்துவிடுகிறது. கல்யாண மண்டபங்கள், தனியார் கல்லூரிகள், ஆஸ்பத்திரிகள், அடுக்குமாடிக் கட்டடங்கள் ஆகியவற்றின் வெளிச்சுவரையும் தரையையும் கழுவிவிடுவது இன்று தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது.

குழாயைப் பிடித்து நிற்பவன் யார்? பெரும்பாலும் கிராமத்து விவசாயத் தொழிலாளியின் மகன். ஆலை வேலை கிடைக்காத அல்லது ஆலை வேலையை இழந்த தொழிலாளியின் மகன். மேலூர் வட்டாரம் பெரியாறு பாசனத்தின் கடைப்பகுதி. பெரும்பகுதி ஒருபோக பூமி. கால்வாயில் தண்ணீர் வந்தால் ஒரு நடவு, ஓர் அறுப்பு. அந்த அறுப்பையும் இப்போது இயந்திரம் பறித்துக்கொண்டது. மிச்ச நாட்களுக்கு மதுரை பஸ் ஏறுவதைத் தவிர வேறு வழி என்ன?

ஆகவே, "சதுர அடிக்கு என்ன விலை?" என்ற கேள்வியை வீட்டுக்காரரும் மேஸ்திரியும் வாசலில் பேசித் தீர்க்கும் சில்லறை விவகாரம் என்று நாம் தள்ளிவிட முடியாது. அது நம் பிள்ளைகளின் கூலிப் பிரச்னை.

இன்று விலை எப்படி முடிவாகிறது? ஒருவன் நான்கு ரூபாய் சொல்கிறான். அடுத்தவன் மூன்று ரூபாய்க்கு வருகிறேன் என்கிறான். மூன்றாமவன் இரண்டு ரூபாய்க்கு ஒப்புக்கொண்டு வேலையை எடுத்துப் போகிறான். "போட்டி இருந்தால்தானே விலை குறையும்" என்று கேட்பவர்கள் உண்டு. குறைவது எது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இரண்டு பேர் சேர்ந்து ஒரு நாளில் 800 சதுர அடி சிமெண்டுத் தரையைச் சுத்தமாகக் கழுவுகிறார்கள் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 24,000 ரூபாய்க்கு வாங்கிய மிஷின் 400 வேலை நாள் உழைக்கும் என்றால் அதன் தேய்மானம் நாளைக்கு 60 ரூபாய். ஹோஸ், நாசில் முதலிய ரிப்பேருக்கு 60. மிஷினை ஏற்றிக்கொண்டு போய்வர 250. சோப்புத் தூள், மருந்து 150. ரப்பர் பூட்ஸ், கையுறை, கண்ணாடி, கயிறு ஆகியவை தேயும் கணக்கில் 40. ஆக, கைக்கு ஒரு காசு வருமுன்பே செலவு 560 ரூபாய். இந்தத் தொகைகள் உதாரணத்துக்குத்தான். அவரவர் தங்கள் ஊர்க் கணக்கை இட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி கூலி. ஓர் ஆளுக்கு நாள் சம்பளம் 800 என்று வைப்போம். ஆனால் இந்தத் தொழிலில் மாதம் முழுவதும் வேலை கிடையாது. அடைமழையில் வேலை இல்லை. ஆடியிலும் மார்கழித் தொடக்கத்திலும் அழைப்பு குறைவு. மாதத்தில் 20 நாள்தான் வேலை என்றால், மிச்ச நாட்களிலும் அடுப்பு எரிய வேண்டாமா? 26 நாள் சம்பளத்தை 20 நாளில் ஈட்ட வேண்டுமானால் வேலை நாளுக்கு ஆளுக்கு 1,040 ரூபாய் வேண்டும். விபத்துக்கும் முதுமைக்கும் ஒதுக்க ஆளுக்கு 80 ரூபாய் சேர்த்தால் 1,120. இரண்டு பேருக்கு 2,240. செலவு 560. மொத்தம் 2,800 ரூபாய். 800 சதுர அடிக்கு வகுத்தால் அடிக்கு 3 ரூபாய் 50 காசு. இதுதான் இந்தக் கணக்கில் நியாய விலை.

இப்போது பேரம் பேசி விலையை 2 ரூபாயாக இறக்குகிறார்கள். கிடைப்பது 1,600. பஸ்காரரோ வண்டிக்காரரோ வாடகையைக் குறைத்தாரா? ஹோஸ் விற்பவர் குறைத்தாரா? இல்லை. 560 ரூபாய் செலவு அப்படியே நிற்கிறது. மிச்சம் 1,040, ஆளுக்கு 520. விலை பாதிக்குக் குறையவில்லை. கூலியோ பாதிக்கு மேல் குறைந்துவிட்டது! வாசலில் இறக்கப்பட்ட ஒன்றரை ரூபாயும் உழைப்பவன் வயிற்றிலிருந்தே இறக்கப்பட்டது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

வெறும் செலவைக் கழித்துவிட்டு மீந்ததைக் கூலி என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம்தான் நோயின் மூலம். கணக்குத் தாளில் கூலி கடைசி வரியாக இருக்கும்வரை எல்லாருடைய பேரமும் அந்த வரியில்தான் வந்து விழும். கூலியை முதல் வரியாக எழுது. மற்றதை அதன் கீழே கூட்டு. வருவதை விலையாகச் சொல். நாம் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான்.

இது நம் கற்பனையல்ல. 1957இல் டில்லியில் கூடிய 15வது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து ஒப்புக்கொண்ட முறை இதுவே. ஒரு சம்பாத்தியத்தில் மூன்று பேர் அளவு சாப்பாடு, குடும்பத்துக்கு வருஷத்துக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, விறகு, விளக்கு, இதர செலவு எல்லாம் கூட்டி வருவதே குறைந்தபட்சக் கூலி என்று அங்கே முடிவாயிற்று. பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம், முதுமை முதலியவற்றுக்காக மேலும் 25 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று 1991இல் ரெப்டகோஸ் பிரெட் வழக்கில் சுப்ரீம் கோர்ட் கூறியது. கூலிக் கணக்கு அடுப்படியில் தொடங்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

நடைமுறை என்ன? நாட்டுக்குப் பொதுவான தரைமட்டக் கூலி என்று மத்திய அரசு 2017இல் அறிவித்தது நாளைக்கு 176 ரூபாய். அது 375 ரூபாயாக வேண்டும் என்று அரசே நியமித்த நிபுணர் குழு 2019இல் சொன்னது. அரசு அந்த வருஷம் கூட்டியது 2 ரூபாய்! 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு, குறைந்தபட்சக் கூலி எல்லாத் தொழிலுக்கும் உண்டு என்கிறது. ஏட்டில் உள்ளது நல்ல வார்த்தைதான். தொகை எவ்வளவு, அதை யார் வாங்கித் தருவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வீட்டு வாசலில் நடப்பதே பெரிய அளவில் டெண்டரிலும் நடக்கிறது. குறைந்த தொகை கேட்பவருக்கே வேலை என்பது டெண்டரின் விதி. சென்னை மாநகராட்சியின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணி 2025இல் தனியாருக்குக் கொடுக்கப்பட்டபோது என்ன நேர்ந்தது? சுமார் 23,000 ரூபாய் மாதச் சம்பளம் சுமார் 17,000 ரூபாயாகிவிடும் என்று தொழிலாளர்கள் எடுத்துச் சொன்னார்கள். அதே தெரு, அதே குப்பை, அதே கை. மாறியது கான்ட்ராக்ட் மட்டுமே. ஆகஸ்ட் 1 முதல் அவர்கள் ரிப்பன் மாளிகை முன்னால் இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. அதே மாதத்தில் மதுரை மாநகராட்சித் தூய்மைத் தொழிலாளர்களும் தனியார் ஒப்பந்தத்தை எதிர்த்து வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். டெண்டரில் சோப்புக்கும் வண்டிக்கும் வரி இருக்கிறது. லாபத்துக்கும் வரி இருக்கிறது. யாரும் கைவைக்க முடியாத தனி வரியாகக் கூலி எழுதப்படாவிட்டால், குறைந்த தொகைக்குக் கேட்ட கான்ட்ராக்டர் எங்கே கைவைப்பார் என்று சொல்லவும் வேண்டுமா?

ஆபத்துக்கும் விலை போட வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. மிஷினிலிருந்து பாயும் தண்ணீர் கத்தி போன்றது. தோலில் பட்டால் வெளியே ஊசிக் குத்துப் போலத்தான் தெரியும். உள்ளே சதையைக் கிழித்திருக்கும். "சின்னக் காயந்தானே" என்று மஞ்சள் வைத்துக் கட்டியவன் விரலையே இழக்க நேரிடலாம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஈரத் தரையில் ஒட்டுப்போட்ட ஒயர் எமன். ஆசிட் கழுவலில் நெஞ்சும் கண்ணும் எரியும். இரண்டாம் மாடிச் சுவரைச் சாரமோ இடுப்புப் பட்டையோ இல்லாமல் சன்ஷேடில் நின்று கழுவுகிறான். கால் வழுக்கினால் குடும்பமே விழுந்துவிடும். ஆகவே தரைக்கு ஒரு விலை, ஆள் உயரச் சுவருக்கு ஒரு விலை, அதற்கு மேல் உயரத்துக்கு வேறு விலை, ஆசிட் கழுவலுக்குத் தனி விலை என்று பிரிக்க வேண்டும். பட்டையும் சாரமும் இல்லாமல் எந்த விலைக்கும் மேலே ஏறக் கூடாது.

விலையே பேசக் கூடாத வேலையும் ஒன்று உண்டு. "அப்படியே அந்த செப்டிக் டேங்கையும் பார்த்துவிடு, ஐநூறு சேர்த்துத் தருகிறேன்" என்று வீட்டுக்காரர் சொல்வார். அது சாவுக்குப் பேசும் பேரம். பாதுகாப்பின்றி மனிதனைச் செப்டிக் தொட்டியில் இறக்குவது 2013ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். அப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023இல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. முப்பது லட்சம் வந்தாலும் போன உயிர் வருமா? ஐநூறு அல்ல, ஐயாயிரம் கொடுத்தாலும் இறங்காதே!

பெண்களின் கூலியையும் சொல்ல வேண்டும். கழுவும் இடத்தில் பிரஷ் போட்டுத் தேய்ப்பதும், அழுக்குத் தண்ணீரைத் தள்ளுவதும், குப்பை அள்ளுவதும் பெண்கள். மாலையில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதில் ஒரு பங்கு! ஒரே வேலைக்கு ஒரே கூலி என்ற சட்டம் 1976இல் வந்தது. இன்றைய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. நம் வீட்டு ஆண்களே கூலியைப் பங்கிடும்போது அதை மறந்தால் கான்ட்ராக்டரைக் கேட்க நமக்கு என்ன யோக்கியதை?

"விலையை ஏற்றினால் வேலையே வராது" என்பார்கள். ஆலைத் தொழிலாளியும் ஆசிரியரும் சிறு கடைக்காரரும்கூட வீடு கழுவ ஆள் தேடுகிறார்கள். அவர்கள் நமக்கு எதிரிகள் அல்ல. நியாய விலை என்றால் கொள்ளை விலை அல்ல. ஆள் பார்த்து, கார் பார்த்து விலை சொல்வதை நாமே நிறுத்த வேண்டும். டேப் வைத்து அளந்து, வேலையையும் விலையையும் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரே தெருவில் நாலு வீட்டு வேலையை ஒரே நாளில் எடுத்தால் வண்டிச் செலவு நாலாகப் பிரியும். அந்தக் குறைப்பை வீட்டுக்காரருக்கே விட்டுக்கொடுக்கலாம். செலவில் குறைக்க வழி உண்டு; கூலியில் குறைக்க வழி இல்லை என்று தெளிவாகச் சொல்லுவோம்.

தனியாக நின்று இதைச் சொல்ல முடியுமா? முடியாது. நான் நாலு ரூபாய் என்றால் பக்கத்து ஊர்க்காரன் இரண்டு ரூபாய்க்கு வருவான். அவனும் என்னைப் போலப் பசித்தவன். அவனைத் திட்டிப் பயனில்லை. கேரளத்தில் சுமை தூக்குவோருக்கு 1978ஆம் வருஷத் தனிச் சட்டம் உண்டு. மகாராஷ்டிரத்தில் மாத்தாடித் தொழிலாளருக்கு 1969இலேயே வந்தது. கூலியை வாரியத்தில் கட்டுவதும், அதற்கு மேல் விடுமுறைக்கும் சேமநலநிதிக்கும் சேர்த்துக் கட்டுவதும் அங்கே முறை. வேலைக்கு வேலை எஜமான் மாறும் தொழிலிலும் கூலியை நிர்ணயிக்க முடியும் என்பதற்கு இவை அத்தாட்சி.

நம் தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளருக்கு இந்தப் பாடம் புதிதா? கூலி நெல் கொஞ்சம் கூட்டிக் கேட்டதன் பகையில் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையோடு கொளுத்தப்பட்டார்கள். அதன் பிறகே 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கூலி என்ற அந்த ஒரு வரியை எழுத நம் வர்க்கம் கொடுத்த விலை அது.

ஆகவே நாம் கோருவது இதுதான்: மேலூரிலும் மதுரையிலும் இத்தொழிலில் இருப்போர், சொந்த மிஷின் வைத்திருப்பவரும் கூலிக்குப் போகிறவரும், ஒன்றுகூடி ஒரே விலைப் பட்டியல் போட வேண்டும். பட்டியலின் முதல் வரி கூலியாக இருக்க வேண்டும். அதற்குக் கீழே யாரும் வேலைக்குப் போகக் கூடாது. அரசும் மாநகராட்சியும் வெளியிடும் ஒவ்வொரு துப்புரவு டெண்டரிலும் கூலியைத் தனியாக எழுதி, அதில் போட்டி இல்லை என்று அறிவிக்க வேண்டும். கூலியை விழுங்கித் தொகை குறைத்துக் கேட்கும் கான்ட்ராக்டரைத் தள்ள வேண்டும். விபத்துக் காப்பீட்டை வேலை கொடுப்பவரே ஏற்க வேண்டும்.

நடக்குமா என்று கேட்பவர்களுக்கு மேலூரே பதில். அரிட்டாபட்டிப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கம் வரும் என்றபோது 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைவரை மக்கள் திரண்டு நடந்தார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மலையைக் காத்த மக்களுக்குத் தங்கள் கூலியைக் காக்கத் தெரியாதா? அடுத்த பண்டிகைக்கு மிஷினைத் தூக்குமுன் பட்டியலை எழுதுங்கள். முதல் வரியில் கூலியை எழுதுங்கள்!